பதில்: டிடிஎல் பாதுகாப்பு போட்டதும் பிஜிபி இணைப்பு விழுந்தது ஏன்?

பிஜிபி (நெட்வொர்க்குகள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) இணைப்புக்கு, இரு ரூட்டர்களின் லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே அமைக்கும் மெய்நிகர்) முகவரிகளுக்கிடையே மல்டிஹாப் 2 என்று வைத்திருந்தீர்கள். உங்கள் சிஸ்கோ ரூட்டரில் மட்டும் அதை நீக்கி டிடிஎல் செக்யூரிட்டி ஹாப்ஸ் 2 கொடுத்ததும் இணைப்பு அறுந்துவிட்டது என்கிறீர்கள். அறுந்ததுதான் சரியான நடத்தை.

டிடிஎல் என்பது பாக்கெட்டில் இருக்கும் ஓர் எண், வழியில் ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். மல்டிஹாப் நீங்கள் அனுப்பும் பாக்கெட்டின் டிடிஎல்லை மட்டுமே தீர்மானிக்கிறது, வருவதைச் சோதிப்பதில்லை. எங்கோ தொலைவிலிருந்து போலி முகவரியுடன் எவர் அனுப்பினாலும் அது உங்கள் ரூட்டரை எட்டிவிடும். மல்டிஹாப்பை வேலி என்று பலரும் நம்புவதுதான் வேடிக்கை.

டிடிஎல் செக்யூரிட்டி (ஆர்எஃப்சி 5082) தலைகீழ். இரு தரப்பும் 255 என்று அனுப்ப வேண்டும். ஹாப்ஸ் 2 என்பதால் உங்கள் ரூட்டர் 253க்குக் (255 − 2) குறைவாக வருவதை நிராகரிக்கும். தொலைவிலிருப்பவர் 255க்கு மேல் போடவே முடியாது, அதனால் அவர் பாக்கெட் வந்து சேரும்போது 253க்குக் கீழே குறைந்திருக்கும். எதிர்த்தரப்பு இன்னும் 2 என்றே அனுப்புகிறது, அதனால் நிராகரிக்கப்படுகிறது. அவர்களிடம் பேசி, ஒரே பராமரிப்பு நேரத்தில் இருபுறமும் மாற்றுங்கள். பாக்கெட் எதிர்த்தரப்பிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எம்டி5 கடவுச்சொல் இருந்தால், அதை எடுத்துவிடாதீர்கள்.