ஷெட்டில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்: விற்பதா, வைத்திருப்பதா? கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக இரண்டு கதவுக் கார்களுக்கு அடியில் படுத்தே முதுகு போனவன் நான். அந்த ஒரு தகுதியில்தான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். கேள்வி எழுதுவதற்கு முன் ஷெட்டுக்குப் போய், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1990-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். வாங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளாக நகரவே இல்லை, பேட்டரியும் செத்துவிட்டது. ஷெட்டைத் திறந்தால் குற்றவுணர்வு, விற்க நினைத்தால் தொண்டை அடைக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். அதனால் இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்பவர்களை இந்தப் பதிலுக்கே அனுப்புவேன்.

நீங்கள் ஓடாத ஒரு வண்டியைப் பற்றி முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். தூசி படிந்து நிற்கும் காரைப் பார்த்தால் பழைய நினைவு வரும், கூடவே வெட்கம் வரும். அந்த வண்டி இன்று உங்களுக்கு வேண்டுமா என்பதை இரண்டுமே சொல்லாது. முதலில் அதை ஓட வையுங்கள், முடிவு பிறகு.

பேட்டரியை மாற்றுங்கள். தொட்டியில் இருக்கும் இரண்டு ஆண்டுப் பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். என்ஜினின் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் கிலோமீட்டர் கணக்கோடு வயதுக் கணக்கும் உண்டு. உங்கள் என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும், அதனால் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

வண்டி தயாரானதும் இரண்டு மாதங்களில் ஆறு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். தெருவைச் சுற்றி வருவது கணக்கில் சேராது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: அன்று காலையில் நான் சாக்குத் தேடியது போவதற்கா, போகாமல் இருப்பதற்கா? ஆறு வரிகளைப் படித்தால் போதும், யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.

என் கதையையும் சொல்கிறேன். என்னுடைய இரண்டு இருக்கை வண்டி நான்கு ஆண்டுகள் சும்மா நின்றது. விற்கச் சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டேன். பிறகு நானே எல்லாவற்றையும் சரிசெய்து எடுத்தேன். மூன்றாவது பயணத்தில், ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை மிதிக்கும்போது இடது முழங்கால் சுருக்கென்றது. வீட்டுக் கேட் கண்ணில் பட்டதும் 'அப்பாடா' என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தச் சொல்லைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். இத்தனை நாள் நான் பொத்திப் பாதுகாத்தது வண்டியை அல்ல, அந்த இருக்கைக்குள் உடம்பை மடக்கி நுழைந்த முப்பத்து நான்கு வயதுக்காரனை. வண்டி ஓடத் தொடங்கியும் அவன் திரும்பி வரவில்லை. அந்த மாதமே விற்றுவிட்டேன். மேசை இழுப்பறையில் கிடந்த இரண்டாவது சாவியைப் பிற்பாடுதான் கூரியரில் அனுப்பினேன்.

இதற்கு நேர்மாறாக, விற்பதற்காகச் சரிசெய்து தரச் சொன்ன ஒரு வாடிக்கையாளர் ஐந்தாவது பயணத்துக்குப் பிறகு விளம்பரத்தை நிறுத்தினார். அன்றாடம் ஓட்டும் காரை விற்றுவிட்டு இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.

டயர் எண்ணை நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ஹோண்டா எஸ்2000 வைத்திருக்கிறேன். இடம் இல்லை என்பதால் விற்றுவிட்டு, வசதி வந்ததும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: மேலே கேட்டவருக்கு அந்த யோசனை சரிப்படலாம். எம்எக்ஸ்-5 தயாரிப்பு 2016-லேயே பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டது, இன்றும் தயாராகிறது. எஸ்2000 அப்படி அல்ல. 1999 முதல் 2009 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாகத்தான் செய்தார்கள். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும் அந்த என்ஜினை மறுபடி யாரும் செய்யப்போவதில்லை. யாரும் கை வைக்காத வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. திரும்ப வாங்கும் நாளில், இன்று உங்களிடம் இருப்பதைவிட மோசமான ஒன்றைக் கூடுதல் விலைக்கு வாங்குவீர்கள். இடம்தான் காரணம் என்றால் வாடகைக்கு ஷெட் தேடுங்கள்.

கேள்வி: இதுவரை 31,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. ஓட்டினால் மதிப்பு குறையுமே? முதலீடாக அப்படியே வைத்திருக்கலாமா?

பதில்: முதலீடு என்றதும் எல்லோரும் காற்றால் குளிரும் போர்ஷே 911-ஐ இழுத்து வருவார்கள். அந்த வரிசை 1998-இல் முடிந்தது, விலை பிறகு ஏறியது, உண்மை. ஆனால் ஏறும் என்று தெரிந்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? தங்கம் பெட்டியில் கிடந்தால் துருப்பிடிக்காது, வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற என்ஜினையே வெளியே இறக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயதாகும். காப்பீடு, பேட்டரி, டயர், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகு முதலீடு என்ற சொல்லைச் சொல்லுங்கள். வண்டி பிடித்திருக்கிறது, அதனால் வைத்திருக்கிறேன் என்பதே போதுமான காரணம். அதற்கு லாபக் கணக்கு வேடம் போடத் தேவையில்லை.

கேள்வி: வாரம் ஒரு முறை ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். போதும்தானே?

பதில்: போதாது என்பதோடு, கெடுதலும்கூட. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. என்ஜின் சூடேறி ஓடினால் அது சைலன்சர் வழியே வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் அணைத்தால் குளிர்ந்த குழாயில் தண்ணீராகத் தங்கும், கொஞ்சம் ஆயிலுக்குள்ளும் இறங்கும். டேஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட் சூட்டை, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

(மறுப்பு எழுதிய ஒருவர்): மன்னிக்க வேண்டும் ஐயா. என் தந்தை முப்பது ஆண்டுகள் அவருடைய ஜீப்பை அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு முறைகூடத் தகராறு செய்ததில்லை.

பதில்: டீசல் ஜீப்பா?

(அவரே): ஆமாம். அதனால் என்ன? என்ஜின் என்ஜின்தானே? என் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஆறு ஆண்டுகளாக அதையே செய்கிறேன்.

பதில்: உங்கள் தந்தை அந்த ஜீப்பைச் சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்டியிருப்பார். அந்த ஓட்டம்தான் அதைக் காப்பாற்றியது, பத்து நிமிட உறுமல் அல்ல. எழுந்துபோய் உங்கள் காரின் என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

(இன்னொருவர், மின் பொறியாளர்): நானும் சேர்ந்துகொள்கிறேன். ஸ்டார்ட் செய்வதில் இழந்த மின்சாரத்தைப் பத்து நிமிட ஐடிலிங் திருப்பித் தந்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விளக்கும் விசிறியும் ஓடினால் பற்றாக்குறைதான். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழேயே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படியும். சின்னப் பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுவது இந்தச் சடங்கைவிட நல்லது.

(மறுத்தவர்): மூடியைத் திறந்து பார்த்தேன். பால்காபி நிறத்தில் ஏதோ பசைபோல இருக்கிறது. கொஞ்சம்தான். இதை வைத்து என் தந்தை செய்தது தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில்: உங்கள் தந்தையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது ஆயிலும் தண்ணீரும் கலந்த நுரை. ஆயிலை மாற்றி, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகும் வந்தால், அல்லது கூலன்ட் குறைந்தால், என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

(மறுத்தவர்): ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்வது தவறாக இருந்தால் அதையும் எழுதுவேன்.

பதில்: தாராளமாக.

கேள்வி: விற்கலாமா, வேண்டாமா? ஆண்டுக்கு 200 கி.மீ.தான் ஓடுகிறது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய ஸ்போர்ட்ஸ் கார் அப்படியே நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. அவருடைய நண்பர் ஒருவர் வந்து, நிற்க நிற்க வீணாகும், உடனே எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். மகனுக்கு விற்க மனமில்லை, வெளியூரில் இருக்கிறான்.

பதில்: அம்மா, நிற்க நிற்க வீணாகும் என்பது உண்மை. ஆனால் ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது, அவசரம் அவருக்குத்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் எடுத்துவிட்டுத் துணி உறை போடச் சொல்லுங்கள். உள்ளே எலி நுழைந்த அடையாளம் உண்டா என்று யாராவது பார்க்கட்டும், வயர்களைக் கடித்துவிடும். பதிவுப் புத்தகம், சர்வீஸ் ரசீதுகள், இரண்டு சாவிகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு உங்கள் அலமாரியில் வையுங்கள். அந்தப் பை இருக்கிற வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

பிறகு, வண்டியை வாங்கும் எண்ணமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்து அதன் நிலையை எழுதி வாங்குங்கள். நண்பருக்கே விற்பதாக இருந்தாலும் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். மகனிடம் ஒரு தேதி கேளுங்கள்: எப்போது வந்து எடுத்துப் போவாய்? தேதி சொன்னால் அவனுக்கு வையுங்கள். 'பார்க்கலாம் அம்மா' என்றால் விற்றுவிடுங்கள். உங்கள் கணவர் ஓட்டும்போது எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 996 வரிசை போர்ஷே 911. என்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பியரிங் உடையுமோ என்ற பயத்தில் ஓட்டுவதையே குறைத்துவிட்டேன். உடைவதற்குள் விற்றுவிடலாமா?

பதில்: பயந்து நிறுத்தி வைப்பது தலைகீழான வைத்தியம். அடிக்கடி ஓடும் வண்டிகளைவிட நின்றே கிடக்கும் வண்டிகளில்தான் இந்தத் தொல்லை கூடுதல் என்பது இதில் கை வைத்த பலருடைய அனுபவம். கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்குவார்கள். அப்போதே பியரிங்கையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய ரசீது இருந்தால், விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் தயார்.

கேள்வி: விற்பது என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியே விற்கலாமா, செலவு செய்து விற்கலாமா?

பதில்: முடிவோடு வந்த முதல் ஆள் நீங்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியை வாங்க வருபவர், கண்ணுக்குத் தெரியாத கோளாறுகளுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். அவர்மேல் தவறில்லை. ஆகவே பேட்டரி, பிரேக், ஆயில், டயர் ஆகியவற்றுக்குச் செலவு செய்யுங்கள், பெயின்ட் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்தால் எதை மறைத்திருக்கிறார் என்றுதான் எனக்கே தோன்றும். சின்னக் கீறல்களை அப்படியே விட்டு, விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆள் வரும் முன் என்ஜினைச் சூடேற்றி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆவதில் உள்ள கோளாறை மறைக்கிறீர்கள் என்று நினைப்பார், பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி: பழைய காரை மின்சாரக் காராக மாற்றி வைத்துக்கொண்டால்?

பதில்: என் துறை அல்ல. மேலே பேட்டரி பற்றி எழுதிய பொறியாளரைப் பிடியுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் எல்லாம் ஆழமாகவே இருக்கிறது. பதினோரு ஆண்டு ஆனாலும் பரவாயில்லைதானே?

பதில்: பரவாயில்லை அல்ல. ரப்பர் தேயாமலே இறுகும், உள்ளுக்குள் வெடிப்பு விடும். ஆறு ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் சோதனை, பத்து ஆண்டானால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றம். இதை நான் எத்தனை முறை சொல்வது?

கேள்வி: ஐயா, விற்பதா வைத்திருப்பதா என்று ஒரே வார்த்தையில்...

பதில்: ஓட்டுங்கள்.

கேள்வி: முதலில் எழுதிய எம்எக்ஸ்-5காரன் நான்தான். புது பேட்டரி போட்டேன், புதுப் பெட்ரோல் ஊற்றினேன். நான்காவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. முன்விளக்குகள் இரண்டும் கண் திறப்பதுபோல மேலே எழுந்தன. மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். ஆனால் கியர் போட்டால் வண்டி பின்பக்கம் பிடித்து இழுக்கிறது, நகரவில்லை.

பதில்: இரண்டு ஆண்டும் ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தீர்கள், சரியா? பின் பிரேக் பேடு டிஸ்க்கோடு துருவில் ஒட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்துப் பிய்க்கப் பார்க்காதீர்கள், பேடின் உராய்வுப் பட்டையே கழன்று வந்துவிடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிபரை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். விடவில்லையென்றால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். இனி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் விட்டுக் கட்டை வையுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது டயர் எண்ணையும் பாருங்கள்.

(அவரே): 2309.

பதில்: பிரேக்கைச் சரிசெய்யுங்கள். அந்த டயரில் கேட்டைத் தாண்ட வேண்டாம்.