டெயில்கேட் லைட் பார்: கேளுங்க, சொல்றேன்

பிக்கப் வண்டியில் டெயில்கேட்டுக்கும் (கீழே இறங்குற பின் கதவு) பம்பருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்குமே, அங்க மாட்டுற, பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் காட்டுற எல்ஈடி பட்டையைப் பத்தி மட்டும்தான் இன்னைக்கு. வண்டி வயரிங் என் தொழில். அழகு, கலர் விஷயத்துல என்கிட்ட யோசனை கேட்காதீங்க.

கேள்வி: 49 அங்குலம் வாங்கவா, 60 அங்குலம் வாங்கவா?

நடுத்தர பிக்கப்புக்கு 48, 49. பெரிய பிக்கப்புக்கு 60. பொதுவா இப்படித்தான் வரும். ஆனா நீளத்தை மட்டும் அளந்துட்டு வாங்கினவங்கதான் அப்புறம் தலையில கை வைக்கிறாங்க. டெயில்கேட்டை இறக்கும்போது சில வண்டியில அதோட அடி விளிம்பு பம்பர் பக்கம் இறங்கி வரும். பட்டை ஒட்டப்போற இடத்துல களிமண்ணை உருட்டி நாலு இடத்துல வைங்க. கதவை மெதுவா முழுசா திறந்து மூடுங்க. நசுங்கின களிமண் எவ்வளவு தடிமன் இருக்கோ, உங்களுக்கு அவ்வளவுதான் இடம். பட்டை அதைவிட மெலிசா இருந்தா வாங்குங்க.

கேள்வி: அஞ்சு வரிசை, நானூறு எல்ஈடின்னு போட்டிருக்கான். நல்லதா?

எண்ணிக்கையை வச்சு வெளிச்சத்தைச் சொல்ல முடியாது. லென்ஸ் மேல வட்டத்துக்குள்ள ஆங்கில ‘E’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கான்னு பாருங்க. எண் எந்த நாட்டு அங்கீகாரம்னு சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து. ‘டாட்’ (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரையை அமெரிக்க அரசு சோதிச்சுக் கொடுக்கிறதில்ல. விதிப்படி இருக்குன்னு தயாரிச்சவனே போட்டுக்கிறது.

கேள்வி: சும்மா பளபளப்புக்குத்தானே இதெல்லாம்? உபயோகம் உண்டா சார்?

உண்டு. சாதா இழை பல்பு சூடேறி முழுசா எரிய ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும், எல்ஈடி உடனே எரியும். 100 கிலோமீட்டர் வேகத்துல பின்னால வர்றவருக்கு அது அஞ்சரை மீட்டர். உங்க வண்டியில ஏற்கனவே எல்ஈடி பிரேக் லைட் இருந்தா இந்த லாபம் கிடையாது. அப்போ பளபளப்புதான்.

கேள்வி: ஹெட்லைட்டுக்கு எத்தனை வாட் போடலாம்?

இன்னைக்கு அது இல்லை.

கேள்வி: டிரெய்லர் சாக்கெட்ல நாலு பின் பிளக்கைச் சொருகினேன். எல்லாம் எரியுது, ரிவர்ஸ் மட்டும் எரியல. பட்டை பழுதா அண்ணே?

பட்டை நல்லாத்தான் இருக்கும் தம்பி. அந்தத் தட்டையான நாலு பின் பிளக்ல வெள்ளை எர்த், பழுப்பு பார்க் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்கும் இண்டிகேட்டரும் மஞ்சள், பச்சையிலேயே சேர்ந்து வரும். ரிவர்ஸுக்கு அதுல இடமே கிடையாது. பட்டையில இருந்து தனியா ஒரு வயர், பெரும்பாலும் சிவப்பு, சும்மா தொங்கிக்கிட்டிருக்கும் பாருங்க. அதை ரிவர்ஸ் பல்புக்குப் போற வயரோட சேர்க்கணும்.

எந்த வயர்னு கண்டுபிடிக்க: சக்கரத்துக்குக் கட்டை வைங்க, கை பிரேக் போடுங்க, இன்ஜின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணி ரிவர்ஸ் கியர் போடுங்க, டெஸ்ட் லாம்பால (மின்சாரம் வந்தா எரியுற சின்ன விளக்கு) ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. வயர் நிறத்தை நம்பாதீங்க, லாம்பை நம்புங்க.

இன்னொண்ணு. உங்க வண்டியில இண்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்கா இருந்தா, பிரேக்குக்கு ஒரு வயர், இண்டிகேட்டருக்கு வேற வயர். ரெண்டையும் முறுக்கி ஒரே வயராக்கினா பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும். ரெண்டையும் சரியா சேர்த்துக் கொடுக்கிற கன்வெர்ட்டர் பெட்டி நடுவுல வேணும்.

கேள்வி: வயரை எப்படி இணைக்கிறது? நீலக் கிளிப் போதுமா?

போதாது. அழுத்தினா கடிச்சுப் பிடிக்கிற அந்தக் கிளிப் உறையை வெட்டித்தான் உள்ளே போகுது. வெட்டின வழியாவே தண்ணியும் போகும். பம்பருக்கு அடியில அதுக்கு ஒரு மழைக்காலம்தான் ஆயுசு. உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிறது) வாங்கி, ராட்செட் கிரிம்ப் கருவியால (முழுசா அழுத்தாம விடாத இடுக்கி) அழுத்துங்க.

கேள்வி: கிரிம்ப்பா? நான் இருபது வருஷமா சால்டரிங்தான். அதைவிட உறுதியான இணைப்பு உலகத்துல கிடையாது.

மேசை மேல இருக்கிற ரேடியோவுக்குச் சரி. வண்டிக்கு அடியில எப்பவும் அதிர்வு. ஈயம் உருகி செம்பு இழைக்குள்ள ஏறும். ஏறின தூரம் வரைக்கும் வயர் குச்சி மாதிரி விறைச்சுடும், அதுக்கப்புறம் நெகிழும். அந்த எல்லைக்கோட்டுலதான் ஒடியும்.

போன மாசம் ஒரு வண்டி வந்தது, இடது இண்டிகேட்டர் வர்றதும் போறதுமா இருந்தது. வெளியே பார்த்தா வயர்ல ஒரு கீறல் இல்ல. ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. உறையைப் பிளந்தா, சால்டர் முடியுற இடத்துல செம்பு ஒடிஞ்சு பச்சைத் தூளா நின்னது.

அதே நபர்: கிரிம்ப் மட்டும் கழலாதா? நூறு பார்த்திருக்கேன்.

பிளையரால கடிச்சதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பேர் கிரிம்ப் இல்ல.

அதே நபர்: என் சொந்த வண்டியில எட்டு வருஷமா அப்படியே நிக்குது.

ஒண்ணு கேட்கிறேன். இணைப்புக்கு ரெண்டு பக்கமும் வயரைக் கட்டி வச்சிருக்கீங்களா?

அதே நபர்: ஆமா, ரெண்டு விரல் தள்ளி கேபிள் டை.

அப்போ ஒத்துக்கிறேன், நிக்கும். வளையவே விடலையே நீங்க. எல்லாரும் உங்களை மாதிரி கட்டினா எனக்கு வேலை கொறையும்.

கேள்வி: பார்க் லைட் போட்டா பட்டை துடிக்குது.

பல்பு உயிரோட இருக்கான்னு வண்டி கம்ப்யூட்டர் அடிக்கடி சின்னத் துடிப்பா மின்சாரம் அனுப்பிப் பார்க்கும். சில வண்டியில பார்க் லைட்டுக்கே மின்சாரம் விட்டு விட்டுத்தான் வரும். இழை பல்பு மந்தம், அதுல தெரியாது. எல்ஈடி அப்படியே காட்டிக்கொடுத்துடும். துடிப்பை நிரவுற டிகோடர் போடுங்க.

ரெசிஸ்டரை எடுத்து மாட்டாதீங்க. அது பல்பைக் கழட்டி எல்ஈடி போட்டவங்களுக்கு இண்டிகேட்டர் ரொம்ப வேகமா மின்னுற பிரச்சினைக்கு. நீங்க எதையும் கழட்டலையே. 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்ல 24 வாட் சூட்டைக் கக்கும். பிளாஸ்டிக் மேல வச்சா பிளாஸ்டிக் உருகும்.

கேள்வி: டேப் மட்டும் போதுமா, திருகும் வேணுமா?

ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து துடைச்சு, 10 டிகிரிக்கு மேல ஒட்டினா நல்ல டேப் நிக்கும். முழுப் பிடி வர 72 மணி நேரம். அன்னைக்கே கழுவாதீங்க. நான் ரெண்டு முனையிலயும் திருகு போடுவேன். துளை போட்டா விளிம்புல பிரைமர் தடவாம விடாதீங்க, துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: ஐபி67 தானே, பிரஷர் வாஷர் அடிக்கலாமா?

ஐபி67னா 1 மீட்டர் ஆழ நிலைத் தண்ணியில 30 நிமிஷம். பீச்சி அடிக்கிற சூடான தண்ணிக்கு வேற சோதனை, ஐபி69கே. தள்ளி நின்னு அடிங்க.

கேள்வி: எனக்கும் பட்டை துடிக்குது சார், என்ன பண்ண?

ரெண்டு கேள்விக்கு மேல பாருங்க.

கேள்வி: வெள்ளை லைட்டைத் தனி சுவிட்ச்ல எடுத்து ஓடும்போதும் போடலாமா?

கூடாது. பின்பக்கம் வெள்ளைன்னா ‘வண்டி பின்னால வருது’ன்னு அர்த்தம். பின்னால வர்றவன் பயந்து பிரேக் அடிப்பான்.

கேள்வி: 49 அங்குலமா 60 அங்குலமா?

களிமண்.

கேள்வி: பிரேக் மிதிச்சா பட்டை முழுக்க மங்கலா எரியுது, ரிவர்ஸ் வெள்ளைகூட லேசா தெரியுது. புதுப் பட்டை, மாத்திக் கேட்கலாம்னு இருக்கேன்.

கேட்காதீங்க. எர்த் கிடைக்காத மின்சாரம் வேற வயர் வழியா வீடு திரும்பப் பார்க்குது, அதான் சம்பந்தமில்லாததெல்லாம் எரியுது. வெள்ளை வயரை எங்க திருகினீங்க?

அதே நபர்: சேஸிஸ்லதான், நல்லா இறுக்கமா.

திருகைக் கழட்டிப் பாருங்க.

அதே நபர்: கழட்டினேன். அடியில கறுப்பு பெயிண்ட் அப்படியே இருக்கு.

சுரண்டுங்க.