பருவமடைதல் தாமதமாகும் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யத்தான் வேண்டுமா?

உங்கள் மகனுக்கு 16 வயதாகியும் மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை, ரத்தப் பரிசோதனையில், விதைகளை (விந்தகங்களை) இயக்க மூளையடியிலிருந்து வரும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள், விதைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும் குறைவாக இருக்கின்றன, மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, அதைச் செய்யத்தான் வேண்டுமா, முடிவு வரும்வரை டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்மாமனுக்குக் குழந்தை இல்லை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனையையும் செய்யுங்கள். ஆனால் மகனுக்கு என்ன நோய் என்பதைப் பெரும்பாலும் உடற்பரிசோதனையும் ஹார்மோன் அளவுகளுமே சொல்லிவிடும். அது ஏன் வந்தது, குடும்பத்தில் இன்னும் யாரைத் தொடக்கூடும் என்பதைச் சொல்லத்தான் மரபணு என்று தெரிந்து செய்யுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். பருவமடையச் செய்யும் ஹார்மோன் குறைவோடு வாசனையும் தெரியாமல் போகும் கால்மன் சிண்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்து, கல்லூரிப் படிப்பை முடித்த பிறகே அது இன்னதென்று அறிந்து, மரபணுப் பரிசோதனையும் செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதுக்குள் பருவமடைதல் தொடங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மீசையையோ குரலையோ வைத்து மருத்துவர் இதை முடிவு செய்வதில்லை. கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு விதையின் அளவை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், 1 மி.லி. முதல் 25 மி.லி. வரை அளவிட்ட மணிகளில், 4 மி.லி. மணியைத் தொட்டால் தொடங்கிவிட்டது என்று பொருள். தாமதமாகும் பையன்களில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இல்லை. அப்பாவும் அதேபோல் பத்தாம் வகுப்பு முடித்த பிறகே வளர்ந்தவராக இருப்பார், கையெலும்பு எக்ஸ்ரேயில் எலும்பின் வயது பின்தங்கியிருக்கும், ஓரிரு ஆண்டுகளில் தானாகவே சரியாகிவிடும். 14, 15 வயதில் இந்தத் தாமதத்தையும் நிலையான குறைபாட்டையும் ரத்தப் பரிசோதனையால் மட்டும் பிரித்தறிவது கடினம். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் உயர்ந்திருந்தால் கோளாறு விதையிலேயே இருக்கிறது என்று பொருள். அப்போது, ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் போன்றவற்றுக்காக முதலில் குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்வார்கள். உங்கள் மகனுக்கு அவை குறைந்திருப்பதால், மூளையிலிருந்து வரவேண்டிய உத்தரவு வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி, அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: அவனுக்கு வாசனை தெரிகிறதா? பருவமடைதலைத் தொடங்கி வைக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் கருவில் மூக்கு உருவாகும் பகுதியில் பிறந்து, வாசனை நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வரை நகர்ந்து செல்கின்றன. அந்தப் பாதை அறுபட்டால் வாசனையும் போகும், பருவமும் வராது. வாசனைக்கான மூளைப்பகுதி இல்லாமலும் விதைகள் வளராமலும் இருந்த ஓர் ஆணின் உடலை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மாயெஸ்த்ரே தெ சான் ஹுவான் 1856-இலேயே விவரித்திருக்கிறார். இது குடும்ப வழியாக வருவதை 1944-இல் எடுத்துக்காட்டியவர் ஃபிரான்ஸ் கால்மன். இதற்கான முதல் மரபணு 1991-இல் எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது, அன்று அதன் பெயர் கே.ஏ.எல்.1, இன்று ஏ.என்.ஓ.எஸ்.1.

பிறவியிலேயே வாசனை தெரியாதவனிடம் "வாசனை தெரிகிறதா" என்று கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வான். தலைவலித் தைலத்தை மூக்கருகே நீட்டியபோது நானும் அப்படித்தான் சொன்னேன். தைலத்தின் குளிர்ச்சியையும் மிளகாய் நெடியையும் உணர்த்துவது முகத்துக்கான வேறொரு நரம்பு என்பது எனக்கோ வீட்டாருக்கோ தெரியாது. ஆகவே கண்ணை மூடச் சொல்லி, காபித் தூள் டப்பாவையும் அதேபோன்ற காலி டப்பாவையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ரசத்தில் பெருங்காயம் விட்டுப்போனதை வீட்டில் எல்லாரும் கண்டுபிடிக்கும்போது இன்னொரு கரண்டி கேட்கும் பிள்ளையா என்றும் யோசித்துப் பாருங்கள். வாசனை நன்றாகத் தெரிந்தாலும் ஹார்மோன் குறைபாடு இருக்கலாம். அப்போது தேடவேண்டிய மரபணுக்களின் வரிசை ஓரளவு மாறும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. வலது கையால் எழுதும்போது என் இடது கை விரல்களும் கூடவே அசையும். பள்ளியில் அதைச் சேட்டை என்று நினைத்தார்கள். இப்படிக் கண்ணாடிபோல் அசையும் கைகளும், ஒரு சிறுநீரகம் இல்லாமல் பிறப்பதும் ஏ.என்.ஓ.எஸ்.1 பக்கம் கை காட்டும். பிளவுபட்ட உதடு அல்லது அண்ணம், முளைக்காத பற்கள் எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 மரபணுவையும், காது கேளாமை சி.எச்.டி.7, எஸ்.ஓ.எக்ஸ்.10 ஆகியவற்றையும் நினைவூட்டும். குழந்தையாக இருந்தபோது விதை கீழே இறங்காமல் அறுவை சிகிச்சை செய்திருந்தால் அதுவும் முக்கியமான தகவல். இவற்றையெல்லாம் ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "தாமதமான பருவம்" என்று எழுதி அனுப்பினால், மரபணுக்களில் தென்படும் நூற்றுக்கணக்கான மாறுபாடுகளில் எதை எடுத்துக்கொள்வது என்று அறிக்கை எழுதுபவருக்குத் தெரியாது.

பரிசோதனையில் பையனுக்கு வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊதா மூடியிட்ட குழாயில் சில மி.லி. ரத்தம், அவ்வளவுதான், வெறும் வயிறு தேவையில்லை, முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். குறிப்பிட்ட மரபணுக்களை மட்டும் படிக்கும் பேனல், எல்லா மரபணுக்களின் புரதக் குறிப்புப் பகுதிகளையும் படிக்கும் எக்ஸோம் என இரண்டு வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், எழுத்துப்பிழை போன்ற சிறு மாற்றங்களோடு, மரபணுவின் ஒரு பகுதியே காணாமல் போயிருப்பதையும் அந்த ஆய்வகம் பார்க்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.என்.ஓ.எஸ்.1-இல் அத்தகைய இழப்புகள் உண்டு. பார்க்காமல் விட்டால் அறிக்கை வெறுமையாக வரும்.

அறிக்கையைப் படிப்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 2015 முதல் உலகெங்கும் பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றும் முறைப்படி ஒவ்வொரு மாறுபாட்டையும் ஐந்து வகைகளில் ஒன்றில் வைப்பார்கள். இரு முனைகளில் நோய் உண்டாக்குவதும் தீங்கற்றதும் இருக்க, நடுவில் இருப்பது வி.யு.எஸ்., அதாவது இன்னும் பொருள் தெளிவாகாத மாறுபாடு. அதை நோய்க்குக் காரணம் என்று பிடித்துக்கொண்டு யாருக்கும் திருமண முடிவோ கர்ப்ப முடிவோ எடுக்கக் கூடாது. பெற்றோர் ரத்தத்தையும் சோதித்த பிறகு சில சமயம் தெளிவு கிடைக்கும். இந்தக் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்த மரபணுக் காரணமும் கண்டறியப்படுவதில்லை. "ஒன்றும் வரவில்லையாம், அப்படியானால் நோய் இல்லை" என்று உறவினர்கள் சொல்லத் தொடங்குவார்கள். காரணம் கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லாமல் போய்விடாது, சிகிச்சையை நிறுத்தவும் கூடாது.

காரணம் கிடைத்தால் என்ன பயன் என்பது எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. ஏ.என்.ஓ.எஸ்.1 என்றால் தாய் அதைச் சுமப்பவராக இருக்கலாம். அப்படியானால் அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கப் பாதி வாய்ப்பு. தாய்மாமனைப் பற்றிய உங்கள் வரியை நான் இதனால்தான் கவனித்தேன். அவருக்கு வாசனை தெரியுமா என்று கேளுங்கள். இதே குறைபாடாக இருந்தால், எல்.எச். போலச் செயல்படும் எச்.சி.ஜி., அதோடு எஃப்.எஸ்.எச். ஆகிய ஊசிகளால் விந்தணு உற்பத்தியைத் தொடங்கிவைக்க இன்றும் வாய்ப்பு இருக்கிறது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 என்றால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அதே மாறுபாடு தந்தைக்கு வாசனைக் குறைவோடும் மகனுக்கு முழுக் குறைபாட்டோடும் வெளிப்படுவது உண்டு. ஜி.என்.ஆர்.எச்.ஆர்., கே.ஐ.எஸ்.எஸ்.1.ஆர். போன்ற மரபணுக்களின் மாறுபாடுகள், இரு பெற்றோரும் தலா ஒரு பழுதான பிரதியைத் தந்தால் மட்டுமே நோயாகும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இந்த வகையைக் கட்டாயம் தேடச் சொல்ல வேண்டும். சிலருக்கு இரண்டு மரபணுக்கள் சேர்ந்து காரணமாவதும், பெற்றோர் இருவருக்கும் இல்லாத மாறுபாடு புதிதாகத் தோன்றுவதும் உண்டு. "அம்மா வழியில் வந்தது" என்ற சொல் கூட்டுக் குடும்பத்தில் எப்படித் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே முடிவைப் பெற்றோருக்கு மட்டும், மரபியல் ஆலோசகர் முன்னிலையில் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்குக் காரணம் கிடைத்தது. அதனால் என் ஊசியின் அளவு மாறவில்லை. ஆனால் என் தங்கைக்கு மகன் பிறந்தபோது காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் இந்த ஹார்மோன்கள் இயல்பாகவே ஒருமுறை உயர்ந்து அடங்கும். அந்த இடைவெளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் குறைபாடு அப்போதே தெரியும், தவறவிட்டால் பதின்வயது வரை பெரும்பாலும் தெரியாது.

ஊசியை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு எலும்பு ஒரு காரணம்: டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் கழியும் ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி சேர்வதில்லை. வகுப்பில் எல்லாரும் வளர்ந்துவிட்ட பிறகு தான் மட்டும் சிறுவனாக நிற்பது இன்னொரு காரணம். அதை விளக்க வேண்டியதில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி மீசையையும் குரலையும் தசையையும் தரும், விந்தணுவைத் தராது. பின்னாளில் குழந்தை வேண்டும்போது சிகிச்சையை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும், விதைகள் மிகச் சிறியவையாக இருந்தால் தொடக்கத்திலேயே எஃப்.எஸ்.எச். கொடுப்பது பற்றியும் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். பத்தில் ஒருவர் முதல் ஐவரில் ஒருவர் வரை, சிகிச்சை பெற்ற பிறகு ஹார்மோன் தானாகச் சுரக்கத் தொடங்குவதும் உண்டு என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவர் மேற்பார்வையில் ஊசியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

இறுதியாக, அறிக்கைத் தாளோடு மூலத் தரவுக் கோப்பையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால், இன்று விடை வராத கோப்பைச் சில ஆண்டுகள் கழித்து, புதிதாக ரத்தம் எடுக்காமலேயே மறுபடியும் ஆராயலாம்; அதற்குள் 18 வயதைக் கடந்திருக்கும் உங்கள் மகனே அதைக் கேட்டுப் பெறுவான்.