நுணுக்குக்காட்டியில் தெரியவில்லை என்றால் புழு இல்லையா?

கேள்வி (ஒரு தாய், தலவாக்கலை): மகன் கொரியாவில் நாலு வருசம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே கூட்டாளிகளோடு ஆற்றுமீனைப் பச்சையாகச் சாப்பிட்டானாம். கூட இருந்த ஒருவருக்கு ஈரலில் புழு என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். இவனுக்கு இங்கே மலம் பார்த்ததில் ஒன்றும் இல்லை. ஆனால் வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். மலத்தில் பி.சி.ஆர். பார்க்கலாம் என்கிறார்கள். அது மூக்கில் எடுப்பதல்லவா?

பதில்: அம்மா, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டதால் அப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டது. பி.சி.ஆர். என்பது ஒரு துண்டு டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கும் முறை, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகும். 30 சுற்று முடியும்போது ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். மலத்திலும் தாராளமாகச் செய்யலாம்.

கொரியாவின் ஆற்றுமீனில் வருவது குளோனோர்கிஸ் சைனென்சிஸ் என்ற ஈரல் தட்டைப்புழு. கடல்மீனைப் பச்சையாகச் சாப்பிட்டால் இது வராது, கெண்டை மாதிரியான நன்னீர் மீன்தான் காரணம். புழு பித்தக்குழாயில் குடியிருந்து முட்டையிடும், 20 வருசத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பித்தக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் இதை முதலாம் வகுப்பில் சேர்த்தது. பயப்படுத்தச் சொல்லவில்லை, பிரசிகுவாண்டல் என்ற குளிசைக்கு இது நன்றாகக் கேட்கும். ஆனால் "ஒன்றும் இல்லை" என்ற ஒரு துண்டோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த முட்டை அவ்வளவு சிறியது. முப்பது முட்டையை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். மஞ்சள் கலந்த மண்ணிறம், ஒரு நுனியில் மூடி, மூடிக்குக் கீழே தோள் மாதிரி ஒரு விளிம்பு, மறுநுனியில் குட்டிக் குமிழ். பழகிய கண்ணே சில நேரம் தடுமாறும், குடலில் வாழும் வேறு சிறு தட்டைப்புழுக்களின் முட்டையும் ஏறக்குறைய இதே சாயல்தான். கேட்டோ-கட்ஸ் என்ற நுணுக்குக்காட்டி முறையில் ஒரு ஸ்லைடுக்கு எடுக்கும் மலம் 41.7 மில்லிகிராம், ஏறக்குறைய இரண்டு அரிசிமணி எடை. அதில் இல்லை என்றால் அந்த இரண்டு அரிசிமணியில் இல்லை என்றுதான் அர்த்தம். புழு கொஞ்சமாக இருந்தால் முட்டையும் கொஞ்சம், சில நாள் கண்ணிலேயே படாது.

பி.சி.ஆர். இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். முட்டை குறைவாக இருந்தாலும் பிடிக்கும், எந்த இனம் என்றும் பிரித்துச் சொல்லும். ஆனாலும் மலத்தில் இதைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. முட்டையின் ஓடு கெட்டியானது, பொடி மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி உடைத்தால்தான் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். பித்த உப்பும் மரக்கறி மிச்சமும் பிரதியெடுக்கும் வேலையையே தடுத்துவிடும். அதனால் நல்ல ஆய்வுகூடத்தில், தெரிந்த ஒரு டி.என்.ஏ.யையும் கூடவே போட்டு, அது பெருகியதா என்று பார்ப்பார்கள். அதுவும் பெருகாவிட்டால் "இல்லை" என்ற முடிவுக்கு மதிப்பே கிடையாது. இதைத் தயங்காமல் கேளுங்கள் அம்மா.

சரி, என்ன செய்வது? வேறு வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுங்கள். பி.சி.ஆர். என்றால் போர்மலின் ஊற்றிய போத்தலில் கொடுக்க வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். ஐஸில் வைத்தோ, ஆய்வுகூடம் தரும் மதுசார போத்தலிலோ கொண்டுபோகலாம். எல்லா இடத்திலும் இதைச் செய்ய மாட்டார்கள், ஒட்டுண்ணியியல் பிரிவு உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு. டொக்டரிடம் கடிதம் வாங்கி, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். துண்டில் "கொரியா, பச்சை ஆற்றுமீன்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் எதைத் தேடுவது என்றே தெரியாது. வயிற்று ஸ்கேனையும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (ஒரு வாசகர், பண்டாரவளை): எங்கள் பக்கத்தில் அறுத்த மாட்டின் ஈரலில் இலை மாதிரிப் புழு இருந்தது. மாடு மேயும் ஓடைக்கரையில்தான் நாங்கள் வல்லாரை பிடுங்குகிறோம். எங்களுக்கும் வருமா? பி.சி.ஆர். பார்க்கலாமா?

பதில்: தேயிலைக் கொழுந்து அளவில் பார்த்திருப்பீர்கள். அது பசியோலா என்ற இன்னொரு ஈரல் தட்டைப்புழு, தலவாக்கலை அம்மாவுக்குச் சொன்ன புழு இல்லை. இதன் குஞ்சு நத்தையிலிருந்து வெளியேறி, தண்ணீர் ஓரத்துக் கீரையில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டால் மனிதருக்கும் வரலாம். தேசிக்காய் பிழிந்த சம்பல் என்றாலும் அது சாகும் என்று நம்ப முடியாது, கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்த ஓடைக்கரைக் கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். சம்பலுக்கு வேண்டுமென்றால் மாடு போகாத மேட்டில் ஒரு பாத்தி போடுங்கள்.

பி.சி.ஆரில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொற்றி முதல் மூன்று நான்கு மாதம் குஞ்சுப் புழு ஈரலைத் துளைத்துக்கொண்டு போகும், முட்டையே இடாது. காய்ச்சலும் ஈரல் வலியும் அதிகமாக இருப்பது அப்போதுதான், ஆனால் அந்த நேரத்தில் மலத்தைப் பார்த்துப் பயனில்லை. இரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வெள்ளை அணு கூடியிருக்கிறதா, எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்புறம், புழு இருந்த அந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டிருந்தால், இறந்த முட்டை அப்படியே உங்கள் மலத்தில் வரும், நோய் இல்லாமலேயே "இருக்கிறது" என்று முடிவு வந்துவிடலாம். ஒரு வாரம் ஈரலைத் தொடாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுங்கள்.

தோட்டத்தில் கொடுக்கும் பூச்சிக் குளிசை இதற்குப் போதாது. பிரசிகுவாண்டலும் சரிவராது. இதற்கு மருந்து ட்ரைக்லபெண்டசோல், அதை டொக்டர்தான் எழுத வேண்டும். எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து எடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (மஸ்கெலியா): ஈரல் தட்டைப்புழு உள்ளவர் இருக்கும் லயத்தில் ஒரே கழிவறையைப் பாவித்தால் தொற்றுமா?

பதில்: தொற்றாது. முட்டை தண்ணீருக்குப் போய், அதற்கென்று உள்ள நத்தைக்குள் வளர்ந்து, பிறகு மீனிலோ கீரையிலோ ஏறினால்தான் மனிதருக்கு வரும். அவரை ஒதுக்கி வைக்காதீர்கள். கழிவறைக் குழி உடைந்து ஓடையில் கலக்கிறதா என்று மட்டும் போய்ப் பாருங்கள்.