சீஸ் போடும் நாளில் உப்பைக் குறையுங்கள்

கேள்வி: எங்கள் எட்டு வயது மகன் காய்கறி என்றாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறான். சீஸ் மட்டும் ஆசையாகச் சாப்பிடுகிறான். காலையில் பிரெட்டில் இரண்டு ஸ்லைஸ், மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கியூப். இந்த ஆசையை வைத்தே காய்கறியைச் சாப்பிட வைக்க முடியுமா? தோசையின் மேல் காய்கறியும் சீஸும் போட்டுப் பார்த்தேன், நீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். அதிக நேரம் பிடிக்காத வழியாகச் சொல்லுங்கள்.

பதில்: நிச்சயமாக முடியும். ஆனால் முதலில் அவன் இப்போது சாப்பிடும் சீஸைக் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம். கடையில் கிடைக்கும் ஸ்லைஸ் ஒன்று பெரும்பாலும் 20 கிராம், கியூப் 25 கிராம். ஆக ஒரு நாளைக்கு 65 கிராம். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: பதப்படுத்திய சீஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். அப்படிப் பார்த்தால் உங்கள் மகனுக்குச் சீஸிலிருந்து மட்டும் தினமும் 2 கிராம் உப்பு போகிறது. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைய வேண்டும். பிரெட்டிலும் சாம்பாரிலும் இருக்கும் உப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. சீஸில் நல்ல புரதமும் கால்சியமும் இருக்கின்றன, வளரும் பிள்ளைக்கு இரண்டும் தேவை. நார்ச்சத்துதான் துளியும் கிடையாது, அதைக் காய்கறிதான் கொடுக்க வேண்டும். ஆகவே என் யோசனை இதுதான்: சீஸைத் தனியாகத் தின்னும் பண்டமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, காய்கறிக்கு உப்பும் ருசியும் கொடுக்கும் பொருளாக மாற்றிவிடுங்கள். சீஸ் விழும் பதார்த்தத்தில் வேறு உப்பை மிகவும் குறைத்துவிட வேண்டும், எண்ணெயையும்தான். காரட், பூசணி போன்ற மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் சேர ஓரளவு கொழுப்பு வேண்டும். அந்த வேலையைச் சீஸே செய்துவிடும்.

எந்தச் சீஸ் என்றால், வீட்டுச் சமையலுக்கு மொசரெல்லாவும் பனீரும் போதும். ஸ்லைஸ், கியூப் எல்லாம் இயற்கையான சீஸை உருக்கி, கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்க சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்துச் செய்பவை. சோடியம் எகிறுவதற்கு அவையும் ஒரு காரணம். மொசரெல்லாவில் பொதுவாக அதில் பாதியளவுதான் இருக்கும், பனீரில் அநேகமாக உப்பே இல்லை. வாங்கும்போது பாக்கெட்டில் 'அனலாக்' என்றோ, பொருள் பட்டியலில் தாவர எண்ணெய் என்றோ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், அது பால் கொழுப்புக்குப் பதிலாக எண்ணெய் சேர்த்தது. துருவி விற்கும் சீஸைவிடக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுவது நல்லது. துருவியதில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அதனால் சரியாக உருகாது.

இனி உங்கள் தோசைக்கு வருவோம். அது கொழகொழத்ததற்குக் காரணம் காய்கறியில் உள்ள நீர். கோஸ், குடைமிளகாய், தக்காளி எல்லாம் உப்பைக் கண்டதும் நீர் விடும். பச்சையாகத் தோசையில் தூவி மூடி வைத்தால் அந்த நீர் போக வழியில்லாமல் மாவிலேயே இறங்கிவிடும். அதனால் காயைத் தனியாக வதக்கிக்கொள்ளுங்கள். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய கோஸ், துருவிய காரட், குடைமிளகாய் ஆகியவற்றைப் பெரிய தீயில் மூடாமல், உப்புப் போடாமல் மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். ஓரங்கள் லேசாகச் சிவந்து, சலசலவென்ற ஓசை அடங்கினால் நீர் போய்விட்டது என்று பொருள். மிளகுத்தூள் தூவி இறக்கிவிடுங்கள். முந்தைய இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் வேலை மிச்சம். ஊத்தப்பம் போலச் சற்றுத் தடிமனாக மாவை ஊற்றி, மேல்பக்கம் பாதி வெந்ததும் ஒரு கைப்பிடி காயைப் பரப்பிக் கரண்டியால் மெல்ல அழுத்துங்கள். அதன்மேல் மிகச் சன்னமாகத் துருவிய மொசரெல்லா 15 கிராம். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் மூடினால் உருகிவிடும். திருப்பிப் போட வேண்டாம். சன்னமாகத் துருவினால் இவ்வளவு சீஸே தோசை முழுக்க வந்துவிடும், ஒவ்வொரு வாயிலும் சீஸ் இருக்கும், கூடவே காயும் போகும்.

இதே காய்க் கலவையைச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டலாம். காலிஃபிளவரைச் சிறு பூக்களாக்கி அரைவேக்காடு வேகவைத்து, ஈரம் போகத் துடைத்துக் கல்லில் வாட்டி, மேலே சீஸ் தூவிக் கொடுத்தால் மாலை நேரக் கியூபுக்கு அது மாற்று. முருங்கைக்கீரை அடையில் உதிர்த்த பனீர் கலப்பது என் தனிப்பட்ட விருப்பம். கீரையின் லேசான கசப்பைப் பனீர் அப்படியே அடக்கிவிடும். புளி சேர்ந்த எதிலும் சீஸ் போடாதீர்கள், ருசி கெட்டுவிடும். பாலக் பனீர் தாராளமாகச் செய்யலாம், ஆனால் பாலக்கில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் அன்றைக்குக் கால்சியத்துக்குத் தயிரையோ பாலையோ நம்புங்கள்.

பனீரை வீட்டிலேயே செய்வதும் எளிது. ஒரு லிட்டர் கொழுப்பு நிறைந்த பாலைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பச்சை சாயலில் தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் பனீர் கெட்டியாகி ரப்பர் போல இழுக்கும். மெல்லிய துணியில் வடித்து, புளிப்புப் போக ஒருமுறை அலசி, அரை மணி நேரம் கனமான பாத்திரத்துக்கு அடியில் வைத்தால் ஏறத்தாழ 200 கிராம் பனீர் கிடைக்கும். அடைக்கு என்றால் அழுத்தவே வேண்டாம். வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள், பருப்பு வேகவையுங்கள். அதிலும் புரதம் இருக்கிறது, கொட்ட வேண்டாம். ஒன்று, பனீர் எவ்வளவு சூடானாலும் உருகாது. புளிப்புச் சேர்த்துத் திரித்ததால் வரும் இயல்பு அது. உருகி இழுபட வேண்டும் என்று உங்கள் மகன் கேட்டால் மொசரெல்லாதான் வழி. வெயில் காலத்தில் மதியம் வரை காத்திருக்கும் டிபன் டப்பாவில் பனீர் வைக்க வேண்டாம், காலையிலோ இரவிலோ சூடாக வீட்டில் கொடுங்கள்.

காயை அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா என்று பல பெற்றோர் கேட்பதுண்டு. எப்போதாவது செய்யலாம், அதையே வழக்கமாக்க வேண்டாம். அவன் கண்ணுக்குக் காய் தெரிய வேண்டும், பல்லில் அது கடிபட வேண்டும், அப்போதுதான் அதன் ருசி பழகும். சீஸைத் துருவும் வேலையை அவனிடமே கொடுங்கள், துருவியின் கூர் விரலில் படாமல் பக்கத்தில் நில்லுங்கள். முதல் வாரம் அவனுக்குச் சற்றேனும் பிடித்த ஒரே காயுடன் தொடங்கி, அடுத்த வாரம் இன்னொன்றைச் சேர்த்து, சீஸை மெல்ல மெல்ல 10 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு காயை ஏழெட்டு முறை ஒதுக்கிவிட்டுப் பிறகு சாப்பிடத் தொடங்கும் பிள்ளைகள் ஏராளம், ஆகவே திட்டாமல் மறுபடி வையுங்கள். மலச்சிக்கல் தொடர்ந்தாலோ, எடை கூடாமல் நின்றுவிட்டாலோ மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.