மகள் ராணுவ அதிகாரியாகி, பிறகு செனட்டராக வேண்டும் என்கிறாளா?

வணக்கம் அம்மா. கல்லூரியில் படித்தபடியே ராணுவ அதிகாரியாகத் தயாராகும் ஆர்.ஓ.டி.சி. பயிற்சியில் சேர்ந்து, இல்லினாய் மாநில செனட்டர் டாமி டக்வொர்த் போல ராணுவம் வழியாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போவேன் என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இல்லினாயில் வளரும் பெண்ணுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. உங்கள் பயமும் நியாயமானது.

டக்வொர்த் வாஷிங்டனில் சர்வதேச விவகாரங்களில் முதுகலை படிக்கும்போது ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்து, 1992இல் அதிகாரியானார். அப்போது பெண்களுக்கு இருந்த போர்ப் பணிகள் மிகக் குறைவு. அதனால் ஹெலிகாப்டர் ஓட்டப் போனார். மாநிலப் பகுதிநேரப் படையான இல்லினாய் நேஷனல் கார்டில் அதிகாரியாக இருந்தபடியே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அந்த நேரத்தில் ஈராக்குக்குப் போக வேண்டி வந்தது. 2004 நவம்பர் 12 அன்று அவருடைய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது. இரண்டு கால்களையும் இழந்தார். பகுதிநேரப் பணி என்றாலும் அழைத்தால் போர்முனைக்குப் போக வேண்டும். இதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

2006இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நின்றார். இவ்வளவு தியாகத்துக்குப் பிறகும் தோற்றார். சீருடை மட்டும் ஓட்டு வாங்கித் தராது. அவரை உருவாக்கியது அடுத்த சில ஆண்டுகள்தான் என்பது என் எண்ணம். மாநிலத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறைக்கு இயக்குநர், 2009 முதல் ஃபெடரல் அரசின் அதே துறையில் உதவிச் செயலர் என்று நிர்வாக வேலை பார்த்தார். அப்புறம்தான் 2012இல் பிரதிநிதிகள் சபை, 2016இல் செனட்.

அதனால் மகளிடம் ஒன்று கேளுங்கள்: "அரசியலே கிடைக்காது என்றாலும் ராணுவத்துக்குப் போவாயா?" ஆம் என்றால் தடுக்காதீர்கள். தயங்கினால், உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சிப் பணி, தேர்தல் பிரசார வேலை என்று தொடங்கட்டும். அரசியலுக்கு அதுவே நேர்வழி.

சேருவது என்று முடிவானால், உதவித்தொகை வாங்காமல் முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்கலாம். ராணுவக் கட்டாயம் எதுவும் வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மொத்தம் 8 ஆண்டுக் கடமை. அதில் ஒரு பகுதியை ரிசர்வ் என்ற துணைப்படையிலோ நேஷனல் கார்டிலோ கழிக்கலாம். உதவித்தொகைக்கு க்ரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். செனட்டுக்கும் 30 வயதும் 9 ஆண்டுக் குடியுரிமையும் தேவை. மகள் அமெரிக்காவிலேயே பிறந்தவளா, பிறகு குடியுரிமை பெற்றவளா என்று எழுதுங்கள். விண்ணப்ப வேலையை அதைப் பார்த்துத் தொடங்குவோம்.