கவுட் மாத்திரையோடு இந்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 58. கவுட்டுக்கு (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வலி) தினமும் அலோபியூரினால், வலி வந்தால் கொல்சிசின் சாப்பிடுகிறேன். பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் உண்டு. இப்போது நெஞ்சுச் சளிக்கு வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா? சாப்பாட்டில் எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: கொல்சிசினும் கிளாரித்ரோமைசினும் சேரவே கூடாது. கொல்சிசினை உடைக்கும் கல்லீரல் நொதியையும், அதை வெளியே தள்ளும் புரதத்தையும் கிளாரித்ரோமைசின் தடுத்துவிடும்; அதனால் நீங்கள் போட்டது ஒரே மாத்திரைதான் என்றாலும் உடம்பில் அது பல மாத்திரை அளவுக்குச் சேர்ந்துகொண்டே போகும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, அப்புறம் தசைகள் பலவீனமாகும், ரத்த அணுக்கள் குறையும். உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு. 'காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று' என்று இடைவெளி விட்டாலும் பயனில்லை, ஏனென்றால் இரண்டும் மோதுவது வயிற்றுக்குள் அல்ல. எழுதிக்கொடுத்தவரையே கூப்பிட்டு, கொல்சிசின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். இந்தத் தொல்லை பெரிதாக இல்லாத அசித்ரோமைசின் போல வேறு ஆன்டிபயாடிக்குகள் உண்டு. ஏற்கெனவே இரண்டையும் போட்டுவிட்டீர்கள் என்றால், வாந்தியோ பேதியோ தொடங்கும்வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டாட்டின் வகையா? அதோடு கொல்சிசின் சேர்ந்தால் சிலருக்குத் தசை பாதிக்கப்படும். தொடையில் காரணமில்லாத வலி, கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே காட்டுங்கள். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் உடம்பில் கொல்சிசின் அளவை ஏற்றக்கூடும், அதை விட்டுவிடுங்கள்.

பிரஷர் மாத்திரை அட்டையைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் இருந்தால் அதுவே யூரிக் ஆசிட்டை ஏற்றும்; லோசார்டான் கொஞ்சம் இறக்கும். மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அலோபியூரினாலுக்குப் பெரிய எதிரி அசதயோபிரின். மூட்டுவாதத்துக்கோ குடல் நோய்க்கோ யாராவது அதை எழுதினால் அலோபியூரினாலைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, இனிப்புக் குளிர்பானம் மூன்றும்தான் முக்கியம். ஆனால் பத்தியம் மட்டும் இருந்து ரத்தத்தில் யூரிக் ஆசிட்டை 6 mg/dLக்குக் கீழே கொண்டுவந்தவர்கள் குறைவு, அந்த வேலையை மாத்திரைதான் செய்கிறது. அதனால் வலி வரும் நாளிலும் அலோபியூரினாலை நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் விதிவிலக்கு: அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.